அரை மாத்திரை

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு தாஸ் டீ டம்ளரோடு வந்தபோது, ஓஸ்வால்ட் ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். மடியில் பேப்பர். மூக்குக் கண்ணாடி நெஞ்சில் நழுவியிருந்தது.

"மச்சான், டீ."

பதில் இல்லை. தாஸுக்குக் காது மந்தம் என்பதால், பதில் வந்து தனக்குத்தான் கேட்கவில்லையோ என்று குனிந்து பார்த்தார். பிறகு மணிக்கட்டைப் பிடித்தார். நாடி இருந்தது. ஒரு துடிப்பு வந்தது. அடுத்தது வருமா என்று காத்திருக்க வேண்டியிருந்தது.

கீழ் வீட்டு மௌரீன் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தாள். பிரேசர் டவுனில் ஆஸ்பத்திரிகளுக்குப் பஞ்சமில்லை. இரண்டு தெரு தள்ளி ஒன்று இருந்தது. ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் வயர் ஒட்டினார்கள், ஊசி மேல் ஊசி போட்டார்கள். ஓஸ்வால்டின் இதயம் எதையும் கேட்கிற நிலையில் இல்லை. எட்டு மணிக்கு அது நின்றுவிட்டது.

ஓஸ்வால்டுக்கு எழுபத்திரண்டு வயது. சர்ச் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர். நாற்பதில் சுகர் வந்தது. அது துணைக்கு பிபியை அழைத்துக்கொண்டது. அப்புறம் இதயம், அப்புறம் கால் மரத்துப்போவது. வந்த விருந்தாளி ஒருவரும் திரும்பிப் போகவில்லை. தாஸ் அவருடைய மனைவியின் தம்பி. கோலார் தங்கச் சுரங்கத்தில் பூமிக்கடியில் வேலை பார்த்து, சுரங்கத்தை மூடியபின் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நின்றவர். அவருக்கு நுரையீரலில் தூசி, பிபி, காது. அக்கா இறந்தபின் இரண்டு ஆண்களும் ஒரே வீட்டில், ஒரே சமையலில் காலம் தள்ளினார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஏழு வியாதி என்று ஓஸ்வால்ட் பெருமையடித்துக்கொள்வார்.

மகள் கேரல் கம்மனஹள்ளியிலிருந்து வந்து சேர்ந்தபோது ட்யூட்டி டாக்டர், ஒரு சின்னப் பெண், ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"பொட்டாசியம் எக்கச்சக்கமா ஏறியிருக்கு மேடம். ஹார்ட்டை நிறுத்தினது அதுதான். கிட்னி ஃபெயில் ஆனவங்களுக்கு இளநீர் மாதிரி ஏதாவது குடுத்தா இப்படி ஆகும்."

"கிட்னியா?" என்றாள் கேரல். "அப்பாவுக்கு சுகர். ஹார்ட். கிட்னி எங்கேயிருந்து வந்துச்சு?"

டாக்டர் தாஸைப் பார்த்தாள். கேரலும் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றார் தாஸ். "ஒரு வருஷமா."

அதற்குப் பிறகு கேரல் அவரிடம் பேசவில்லை. நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். பெற்ற மகளுக்கே தெரியாத வியாதி ஒரு மனிதனுக்குத் தெரிந்திருக்கிறது, சமையல் முழுக்க அந்த மனிதனின் கையில் இருந்திருக்கிறது, இன்னும் என்ன வேண்டும் என்பது அவள் கேள்வி.

*

இன்ஸ்பெக்டர் பிரிசில்லாவுக்கு ஐம்பத்தைந்து வயது. சுகர், தைராய்டு, பிபி, இவை போக இடது முழங்கால். அவள் கைப்பையில் துப்பாக்கியைவிட மாத்திரை டப்பா கனம் என்று ஸ்டேஷனில் கேலி உண்டு. கேலி செய்கிற கான்ஸ்டபிள் ப்ரஹ்லாத்துக்கே போன மாதம் பிபி என்று சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து அவன் கேலியை நிறுத்தியிருந்தான்.

பத்தரை மணிக்கு இருவரும் வீட்டு வாசலில் இறங்கினார்கள். படிக்கட்டின் கீழே குப்பைக் கூடையில் மூன்று இளநீர்க் கூடுகள் கிடந்தன. பிரிசில்லா அவற்றைப் பார்த்துக்கொண்டே, முழங்காலைத் திட்டிக்கொண்டே மாடி ஏறினாள்.

சமையலறை சின்னது. புளி, பருப்பு, மிளகாய்த்தூள் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் கைபட்ட கறை. அடுப்புக்கு மேல் பலகையில் பாதி தீர்ந்த எண்ணெய், பிரிக்காத உப்புப் பாக்கெட், ஒரு கட்டு ஊதுவத்தி. தொட்டியில் ஒரு பாத்திரம் இல்லை. எல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. ஒரு வெள்ளைப் பீங்கான் ஜாடி மட்டும் துடைத்துத் தனியாக வைக்கப்பட்டிருந்தது.

"எப்போ கழுவினீங்க, தாஸண்ணா?"

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்தப்புறம்."

"மச்சான் அங்கே மார்ச்சுவரியில. நீங்க இங்கே பாத்திரம் கழுவினீங்களா?"

"வேற என்ன செய்யறதுன்னு தெரியல மேடம்."

"நேத்து என்ன சமைச்சீங்க?"

"சோறு, சுரைக்காய்க் கூட்டு. ராத்திரிக்கும் அதுதான்."

"கிட்னி பேஷன்டுக்கு எப்படி சமைக்கணும்னு தெரியுமா?"

தாஸ் கைகளைப் பார்த்தபடி சொன்னார். "காயை நறுக்கி ஊற வைக்கணும். அந்தத் தண்ணிய கொட்டணும். அப்புறம் வேக வெச்சு, அந்தத் தண்ணியையும் கொட்டணும். வாழைப்பழம் கூடாது. தேங்காய் கூடாது. ஒரு வருஷமா அப்படித்தான் செய்யறேன்."

"அவர் மகள்கிட்ட ஏன் சொல்லல?"

"மச்சான் சொல்லக்கூடாதுன்னான். அவளுக்கு முப்பத்தொன்பது வயசு. அதுக்குள்ள பிபி, தைராய்டு, போன வருஷம் சுகரும் வந்துடுச்சு. அவ மாத்திரையை அவ சுமக்கட்டும், என்னையும் சேத்து சுமக்க வைக்காதேன்னான். பைபிள் மேல கை வெக்கச் சொல்லிட்டான்."

சாப்பாட்டு மேஜையில் இரண்டு மாத்திரைப் பெட்டிகள் இருந்தன. கிழமைவாரியாகக் கட்டம் போட்டவை. பிரிசில்லா ஒன்றைத் திறந்தாள்.

"இது யாருது?"

"மச்சானோடது. நான்தான் அடுக்குவேன். இன்னொண்ணு என்னோடது, அதை அவன் அடுக்குவான். அவனவன் பெட்டியை அவனவன் அடுக்கினா தப்பு கண்ணுக்குத் தெரியாதுன்னு அவன்தான் ஆரம்பிச்சான். வியாழக்கிழமை ராத்திரி அடுக்கிடுவோம்."

ஓஸ்வால்டின் பெட்டியில் மாத்திரைகள் டாக்டர் எழுதியபடி சரியாக இருந்தன. பிரிசில்லா சீட்டோடு ஒத்துப்பார்த்தாள். தாஸின் பெட்டியில் ஒவ்வொரு காலைக் கட்டத்திலும் ஒரு மாத்திரை பாதியாக இருந்தது. பிளேடால் நறுக்கியது, விளிம்பு நேராக இருந்தது. வாத்தியார் கை.

"இது பிபி மாத்திரைதானே? ஏன் பாதி?"

"குறைச்சுட்டாங்க. ரெண்டு வாரம் முன்ன. இருபது வருஷத்துல முதல் தடவை பிரஷர் இறங்கியிருக்கு, என்ன செஞ்சீங்கன்னு டாக்டரே கேட்டார். நான் ஒண்ணும் செய்யல."

பிரிசில்லாவுக்கு ஒரு நொடி பொறாமையாக இருந்தது. அவளுக்கு இருபது வருடமாக மாத்திரை கூடியிருக்கிறதே தவிர குறைந்ததில்லை. பொறாமை போனபின் ஓர் உறுத்தல் மிச்சமிருந்தது. அது என்னவென்று அப்போது பிடிபடவில்லை.

தாஸ் தன் பெட்டியின் மூடியை மெல்ல அழுத்தி மூடினார். அவருக்கான ஒரு வார மாத்திரைகள், இப்போது இல்லாத ஒரு மனிதன் நறுக்கி வைத்தவை.

*

கேரல் கீழே மௌரீன் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்து, அழக்கூடத் தெம்பில்லாமல் இருந்தாள். மௌரீன் மோர் கொண்டுவந்து நீட்டினாள்.

"உப்பு போட்டீங்களா ஆன்ட்டி?"

"இல்லம்மா. உனக்குத்தான் பிபி ஆச்சே."

கேரல் கைப்பையிலிருந்து ஒரு குட்டி பாட்டிலை எடுத்து, மோரில் இரண்டு தட்டு தட்டிக் கலக்கினாள். குடிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவுக்கும் மாமாவுக்கும் சண்டை உண்டா?" என்று பிரிசில்லா கேட்டாள்.

"அப்பாவுக்கு அந்த ஆளுன்னா உயிரு. என்கூட வந்து இருங்கப்பான்னு எத்தனையோ தடவை கூப்பிட்டேன். தாஸை விட்டுட்டு வரமாட்டேன்னாரு. எனக்கும் அந்த ஆளுக்கும்தான் ஆகாது."

"எதனால?"

"எது கொண்டுபோனாலும் வேணாம்பாரு. ஓட்ஸ் வாங்கிட்டுப் போனா வேணாம். ஹெல்த் மிக்ஸ் வேணாம். பொங்கல் சமயத்துல சமையலுக்கு நல்ல சாமானா பாத்துப் பாத்து வாங்கிட்டுப் போனேன், பையோட திருப்பிக் குடுத்துட்டாரு. கடைச்சாமான் மச்சானுக்கு ஒத்துக்காதாம். ஏன்னு கேட்டா பதில் இல்ல. ஹார்ட் பேஷன்டுக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியாதா? நானே பேஷன்ட்தானே மேடம்."

"அடிக்கடி வருவீங்களா?"

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு நேரா இங்கதான். அந்த ஆளு போடற டீ கஷாயம் மாதிரி இருக்கும். நானே போய்ப் போட்டு அப்பாவுக்குக் குடுப்பேன்." அவள் மோர் டம்ளரைக் கீழே வைத்தாள். "இந்த ரெண்டு மாசமா அப்பா நல்லா சாப்பிட ஆரம்பிச்சாரு. தேறி வராருன்னு நெனச்சேன். வாசல்ல இளநீர்க் கூடு கிடக்குது பாத்தீங்களா? டாக்டரே சொன்னாங்க. அந்த ஆளை விடாதீங்க."

மௌரீன் தொண்டையைச் செருமினாள். "அந்த இளநீர் நான் குடிச்சதும்மா. எனக்கு நீர்க்கடுப்பு. தாஸ்தான் வாங்கிட்டு வந்து குடுத்தாரு, மாடிக்கு ஒண்ணுகூட எடுத்துட்டுப் போகல."

கேரல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிரிசில்லா மௌரீனை வாசலுக்குக் கூட்டிப்போனாள். "மேல சாப்பாட்டுல ஏதாவது வித்தியாசம் கவனிச்சீங்களா? நீங்க போக வர இருக்கிறவங்க."

"என்ன வித்தியாசம்? ஓஸ்வால்ட் சாருக்கு ஒரே கம்ப்ளெயின்ட்தான். குழம்புல உப்பே ஏறலடா மச்சான்னு கத்துவாரு. தாஸ் இன்னும் ஒரு சிட்டிகை போடுவாரு. இன்னும் ஏறலம்பாரு. இன்னொரு சிட்டிகை. கிழவனுங்களுக்கு நாக்கு செத்துப்போச்சுன்னு நான் சிரிப்பேன்." மௌரீனின் கண் கலங்கியது. "தங்கமான மனுஷங்க மேடம். போன மாசம் உப்பு தீந்துபோச்சுன்னு ஒரு கரண்டி கேட்டேன். தாஸ் புதுப் பாக்கெட்டையே தூக்கிக் குடுத்துட்டாரு. வெச்சுக்கோ, எங்க வீட்டு ஜாடி குறையவே மாட்டேங்குது, ஃபாதர் பிரசங்கத்துல சொல்ற மாவுப் பானை மாதிரி நிறைஞ்சுக்கிட்டே இருக்குன்னாரு. வயசாச்சு, தானே ரொப்பிட்டு மறந்துடறாருபோல."

கழுவிய ஜாடியின் உப்பு, காயப் போட்ட வடாம் வற்றலில் மிச்சம் இருக்குமோ என்று பிரிசில்லாவுக்குத் தோன்றியது. ப்ரஹ்லாத்தைப் பார்த்தாள்.

"இந்த வீட்டுக்கு மொட்டை மாடி இருக்கா?"

"இதெ மேடம், இருக்கு. ஆனா உங்க மண்டி..." என்று பாதிக் கன்னடத்தில் இழுத்து, அவள் முழங்காலைப் பார்த்தான்.

"மண்டி கிடக்கட்டும், வா."

*

மொட்டை மாடியில் வெயில் சுள்ளென்று அடித்தது. பழைய வேட்டியை விரித்து, நான்கு மூலைக்கும் கல் வைத்து, மோர்மிளகாய் காயப் போட்டிருந்தார்கள். மூன்று நான்கு நாள் வெயில் பட்டு வெளுத்து, மேலே உப்புப் பூத்திருந்தது.

தாஸ் பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்திருந்தார். மிளகாயைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. எல்லாவற்றையும் கழுவியவர் இதை மறந்திருந்தார்.

பிரிசில்லா ஒரு மிளகாயை எடுத்து, மேலே பூத்திருந்த வெள்ளையை நுனி நாக்கில் வைத்தாள். புளிப்பு. காரம். உப்பு. உப்புக்குப் பின்னால், நாக்கின் அடியில், ஒரு சன்னமான கசப்பு. அந்தக் கசப்பு அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் வீட்டுச் சமையலறையில் மூன்று வருடமாக அந்தக் கசப்புதான்.

போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். ட்யூட்டி டாக்டர் வந்தாள்.

"டாக்டர், காலையில தாஸ்கிட்ட என்னென்ன கேட்டீங்க?"

"எதுல பொட்டாசியம் போயிருக்கும்னு ஒண்ணொண்ணா கேட்டேன். இளநீரா, வாழைப்பழமா, பேரீச்சையா, நாட்டு மருந்தா. எல்லாத்துக்கும் இல்ல இல்லன்னாரு. ஒண்ணை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாரு. காது கேக்கலபோல."

"எதை?"

கொஞ்சம் யோசித்துவிட்டு டாக்டர் சொன்னாள். பிரிசில்லா நன்றி சொல்லிப் போனை வைத்தாள். ப்ரஹ்லாத்தைக் கீழே அனுப்பினாள். தண்ணீர்த் தொட்டி நிழலில் இருந்த கல்லில் உட்கார்ந்துகொண்டு, எதிரே தாஸையும் உட்காரச் சொன்னாள்.

"பிபிக்காரங்களுக்குன்னு கடையில ஒரு உப்பு விக்கிறாங்க" என்றாள். "சோடியத்தைக் குறைச்சு, அந்த இடத்துல பொட்டாசியம் கலந்திருப்பாங்க. நானும் அதைத்தான் சாப்பிடறேன். கிட்னி நல்லா இருக்கிறவங்களுக்கு அது நல்லது. கிட்னி போனவங்களுக்கு அது வெளியே போகாது. உடம்புலயே தங்கிடும். அதுவும் உங்க மச்சான் சாப்பிட்ட ஹார்ட் மாத்திரை ஒண்ணு பொட்டாசியத்தைப் பிடிச்சு வெக்கற ஜாதி. சாதாரண உப்பைவிட அதுல உப்பு கம்மியா தெரியும். அதனால அவர் ஏறலன்னார். நீங்க கூடப் போட்டீங்க."

தாஸ் எட்டி, வேட்டி மூலையில் இருந்த கல்லை நகர்த்தி வைத்தார்.

"ஒரே பானைச் சோறு. ரெண்டு பேர் சாப்பிட்டீங்க. உங்களுக்கு கிட்னி நல்லா இருக்கு, அதனால உங்க பிரஷர் இறங்கிச்சு. டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார். அவருக்கு கிட்னி இல்ல. அவருக்கு ஏறிடுச்சு. உங்க பெட்டியில இருக்கிற அந்த அரை மாத்திரையைப் பாத்தப்பவே எனக்கு உறுத்துச்சு. ஒண்ணும் செய்யாம பிரஷர் இறங்காதுண்ணா, எனக்குத் தெரியாதா?"

"நான்தான் வாங்கினேன்" என்றார் தாஸ். "எனக்கு பிபின்னு நான்தான் வாங்கிட்டு வந்தேன். தெரியாம பண்ணிட்டேன். அப்படியே எழுதிக்குங்க."

"நீங்க வாங்கியிருந்தா ஜாடி குறையலன்னு மௌரீன்கிட்ட ஏன் ஆச்சரியப்படணும்? வேற உப்புப் பாக்கெட் பிரிக்காம ஏன் இருக்கணும்? காய்த் தண்ணியையே ரெண்டு தடவை கொட்டற மனுஷன், கேக்காம ஒரு புது சாமானை இந்த வீட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டீங்க. ஒருத்தர் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உங்க சமையலறைக்குள்ள டீ போடப் போயிருக்காங்க. நீங்க பொங்கலுக்குத் திருப்பிக் குடுத்த பையிலயே அந்த உப்பும் இருந்திருக்கு. அவங்க கைப்பையில இப்பவும் அது ஒரு குட்டி பாட்டில்ல இருக்கு. வேற யாரு?"

கீழே தெருவில் காய் வண்டிக்காரன் கன்னடத்தில் கூவிக்கொண்டு போனான். தாஸ் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார்.

"டாக்டரம்மா அந்த உப்புன்னு சொன்னதும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன் மேடம். அன்னைக்குப் பையில அது இருந்தது ஞாபகம் வந்துச்சு. அப்பல்லாம் அதுல பொட்டாசியம்னு எனக்குத் தெரியாது. புதுசா எதையும் சேக்காதீங்கன்னு கிட்னி டாக்டர் சொன்னதால திருப்பிக் குடுத்தேன். ஏன் வேணாம்னு அவ கேட்டா. கிட்னின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவளே தூக்கிப் போட்டிருப்பா. பைபிள் மேல கை வெச்சுட்டேனே, எப்படிச் சொல்றது? வீட்டுக்கு வந்து ஜாடியில விரலை விட்டு நக்கிப் பாத்தேன். இத்தனை நாளா அந்தக் கசப்பு என் மாத்திரைக் கசப்புன்னு நெனச்சுட்டிருந்தேன். எல்லாத்தையும் தொட்டியில கொட்டிக் கழுவிட்டேன்."

"உங்களைப் பிடிச்சு உள்ளே போடச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கா, தெரியுமா?"

"தெரியும். போடுங்க. என் நெஞ்சுல இருக்கிற தூசிக்கு நான் எத்தனை நாளு இருக்கப்போறேன்? என்னை வெறுத்துக்கிட்டு அவ நல்லா இருந்துடுவா. அப்பனைத் தன் கையாலேயே அனுப்பிட்டோம்னு தெரிஞ்சா எப்படி இருப்பா? அவளுக்குச் சொல்லாதீங்கம்மா. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

அவர் உண்மையிலேயே குனிந்தார். பிரிசில்லா அவர் தோளைப் பிடித்து நிறுத்தினாள். முப்பது வருட சர்வீஸில் தப்பிக்கப் பொய் சொன்னவர்களைத்தான் அவள் அதிகம் பார்த்திருக்கிறாள். மாட்டிக்கொள்ளப் பொய் சொல்கிறவர் இவர்தான் முதல்.

"நானும் சொல்ல வேண்டாம்னுதான் நெனச்சேன்" என்றாள். "இதுல கொலை இல்ல. வேணும்னு செஞ்சவங்க யாரும் இல்ல. யார் பேரையும் சொல்லாமக்கூட இதை மூடிடலாம். ஆனா அவளுக்கு சுகர். அவளுக்கு பிபி. உங்க மச்சானுக்கும் அந்த வயசுல அவ்வளவுதான் இருந்துச்சு. நாளைக்கு அவ கிட்னியும் மெல்ல மெல்லப் போனா, போறதே தெரியாது. அன்னைக்கும் கைப்பையில இதே பாட்டில்தான் இருக்கும். உங்க மச்சான் அவளைக் காப்பாத்தணும்னு ஒண்ணை மறைச்சார். அவ அவரைக் காப்பாத்தணும்னு ஒண்ணை மறைச்சா. ரெண்டும் அந்த ஜாடியில வந்து சேந்துடுச்சு. இப்போ மூணாவதா நீங்க மறைக்கறீங்க. இந்தக் குடும்பத்துல மறைச்சது போதும் தாஸண்ணா."

தாஸ் எழுந்து, வேட்டியின் நான்கு மூலைகளையும் சேர்த்து அதை மூட்டையாகக் கட்டினார். பிரிசில்லா கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

*

சாப்பாட்டு மேஜையில் வைத்துத்தான் சொன்னாள். கேரல் ஒரு பக்கம், தாஸ் ஒரு பக்கம். நடுவில் இரண்டு மாத்திரைப் பெட்டிகள். பிரிசில்லா சுற்றி வளைக்கவில்லை. சுற்றி வளைத்தால் வலி கூடும் என்று அவளுக்குத் தெரியும். அரை மாத்திரையில் ஆரம்பித்து, ஜாடி, மிளகாய் என்று வந்து, கேரலின் கைப்பையில் முடித்தாள்.

முடிந்தபின் கேரல் கைப்பையைத் திறந்து அந்தக் குட்டி பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இதுவா?"

"இதுதான்."

"ஹார்ட்டுக்கு நல்லதுன்னு எனக்குச் சொன்னாங்க மேடம். எனக்கு நல்லதுன்னா அப்பாவுக்கும் நல்லதுதானே? இவரு வேணாம்னாரு, அதான் ஜாடியில கொட்டிட்டு வந்தேன். வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா. யாருக்கும் தெரியாம எங்கப்பாவை நான் பாத்துக்கறேன்னு..." அவள் நிறுத்தினாள். "பஸ்ல போகும்போது தனியா சிரிச்சுக்குவேன்."

கேரல் மெல்லத் திரும்பித் தாஸைப் பார்த்தாள்.

"காலையிலேயே உங்களுக்குத் தெரியுமா, மாமா?"

அன்று முழுக்க அவள் அவரை மாமா என்று கூப்பிட்டது அப்போதுதான். தாஸுக்கு அது காதில் சரியாக விழுந்தது. தலையசைத்தார்.

"உங்களை ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தேனே. ஏன் சொல்லல?"

"சொன்னா" என்றார் தாஸ், "இனிமே உன் கை உப்பைத் தொடுமா?"

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். சத்தமில்லாமல், மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தாஸ் எழுந்து போய் அவள் தலையில் கை வைத்து நின்றார். அவருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது.

பிரிசில்லா தொப்பியை எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று தாஸிடம் சொன்னாள்: "அந்த உப்பு நின்னுபோச்சுன்னா உங்க பிரஷர் பழையபடி ஏறும். இன்னைக்கே டாக்டருக்குப் போன் போட்டுக் கேளுங்க. அனேகமா முழு மாத்திரைதான் சொல்லுவாரு."

தாஸ் மேஜையைப் பார்த்தார். "பெட்டியில எல்லாம் மச்சான் வெட்டி வெச்சது. அரை அரையாத்தான் இருக்கு."

"சொன்னாருன்னா ரெண்டு அரையா போட்டுக்குங்க."

படி இறங்கும்போது ப்ரஹ்லாத் கேட்டான், ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது என்று. நடந்ததை நடந்தபடி எழுது, குற்றம் என்று எதையும் எழுதாதே என்றாள். முழங்கால் வலி அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. கிட்னி டெஸ்ட் எடுத்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்துக்கொண்டே போனாள்.

*

சாயங்காலம் கேரல் வீட்டுக்குப் போகவில்லை. நாளைக்கு அடக்கம். சர்ச்சிலிருந்து ஆட்கள் வந்து போனார்கள். டாக்டர் போனில் முழு மாத்திரை என்று சொல்லியிருந்தார். எல்லோரும் போனபின் தாஸ் கஞ்சி வைத்து இரண்டு தட்டில் ஊற்றினார். கை பழக்கத்தில் மூன்றாவது தட்டுக்கும் நீண்டு, திரும்பி வந்தது.

கேரல் ஒரு வாய் குடித்தாள். தாஸும் குடித்தார். இருவரும் தலைநிமிரவில்லை.

"உப்பில்ல மாமா" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

"போடல."

தாஸ் எழுந்து, அடுப்புக்கு மேலிருந்த பிரிக்காத உப்புப் பாக்கெட்டை எடுத்தார். பல்லால் கடித்துப் பிரித்தார். ஜாடியில் கொட்டப்போனவர், கொட்டாமல், பாக்கெட்டை அப்படியே அவள் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

அவள் கை மடியிலேயே கிடந்தது. பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கஞ்சி ஆறி ஏடு கட்டியது. தாஸ் அவசரப்படுத்தவில்லை. இரண்டு அரை மாத்திரைகளை விழுங்கித் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருந்தார்.

கடைசியில் கேரல் இரண்டு விரலால் ஒரு சிட்டிகை எடுத்தாள். பாதி மேஜையில் சிந்தியது. மீதியைத் தன் தட்டில் போடவில்லை. எட்டி, தாஸின் கஞ்சியில் போட்டாள்.

"போதுமா மாமா?"

தாஸ் ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"போதும்மா" என்றார். "சரியா இருக்கு."